கைபேசியில் சூதாட்டம்: குடும்பங்கள் கேட்டவையும் பதில்களும்

பதில் சொல்பவர், கடன் சிக்கலில் இருக்கும் குடும்பங்களுக்கு உதவும் சிங்கப்பூர்த் தொண்டூழியர்.

ஈசூனிலிருந்து ஒரு மனைவி: கணவர் இரவெல்லாம் போனும் கையுமாக இருக்கிறார். கேட்டால் காற்பந்து பார்க்கிறேன் என்கிறார். சம்பளம் வந்த வாரமே கையில் காசில்லை. சூதாட்டமாக இருக்குமோ?

வங்கிக் கணக்கை இருவரும் சேர்ந்து பாருங்கள். நள்ளிரவு 12.40க்கு 50 வெள்ளி, 12.55க்கு 50, 1.10க்கு 100 என்று முன்பின் தெரியாதவர்களுக்குப் பேநவ் என்னும் உடனடிப் பணமாற்ற வசதியில் பணம் போயிருந்தால் பெரும்பாலும் அதுதான். இங்கே இணையத்தில் பந்தயம் நடத்த உரிமம் உள்ளது சிங்கப்பூர் பூல்ஸ் என்னும் லாட்டரி, பந்தய நிறுவனத்துக்கு மட்டுமே. அது தனியாள் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லாது. அப்படியென்றால் அவர் சிக்கியிருப்பது ஏதோ ஒரு வாட்ஸ்அப், டெலிகிராம் ஏஜெண்டிடம். 2022 சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாதவர்களிடம் ஆடுபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. வென்ற பணத்தைத் தராமல் ஏமாற்றினாலும் ஆடியவர் போலீசுக்குப் போகத் தயங்குவார். ஏஜெண்டுக்கு அதுதான் வசதி.

குடும்பத்தார் கேட்டு ஒருவரைச் சூதாட்டத்திலிருந்து விலக்கிவைக்கும் குடும்ப விலக்கு உத்தரவு வாங்கினால் நின்றுவிடுமா?

சூதாட்டக்கூடம், ஜாக்பாட் அறை, சிங்கப்பூர் பூல்ஸ் இணையக் கணக்கு ஆகியவை நிற்கும். கள்ளத் தளம் நிற்காது. இருந்தாலும் விண்ணப்பியுங்கள் என்றே சொல்வேன். விசாரணைக்கு அவரும் வந்து பேச வேண்டியிருக்கும், மூடி மறைக்க முடியாது. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் விண்ணப்பிக்கலாம். சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தின் உதவி எண் 1800-6-668-668.

ஒரு தாய்: மகனுக்கு 30,000 வெள்ளி கடன். நகையை விற்று அடைத்துவிடலாமா?

வேண்டாம்மா. எல்லாரும் கேட்பது இதுதான், எல்லாரும் கோபப்படுவதும் இந்தப் பதிலுக்குத்தான். மொத்தமாக அடைத்தால் கடன் தந்தவர்கள் மறுபடி கடன் தருவார்கள், அவரும் வாங்குவார். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று தாலிக்கொடி வரை கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் அதே கடனோடு நிற்கும் வீடுகள் உண்டு.

முதலில் கடனைப் பிரித்துப் பாருங்கள். வங்கிக் கடன், கடன் அட்டை என்றால் கடன் ஆலோசனை அமைப்பான கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூரிடம் அவரே போய் மாதத் தவணைத் திட்டம் கேட்கட்டும். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் மாதம் 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. இனிமேல் தனக்குக் கடன் தர வேண்டாம் என்று மகனே பதிவு செய்துகொள்ளவும் முடியும். உரிமமில்லாத வட்டிக்காரரான ஆ லோங் என்றால் போலீஸ்தான், பேரம் பேசாதீர்கள். "உடனடி கடன்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள் எல்லாமே கள்ளம்தான்; உரிமம் உள்ளவர்கள் குறுஞ்செய்தியில் விளம்பரம் செய்யக்கூடாது.

அப்புறம், மோசடியைத் தடுக்கப் பெரிய வங்கிகள் 2023இல் கொண்டுவந்த பணப்பூட்டு இதற்கும் நல்ல ஆயுதம். பூட்டிய தொகையைப் போனிலிருந்து அனுப்ப முடியாது. ராத்திரி ஒரு மணி வெறிக்கு இந்தத் தடை போதும். காலையில் வங்கிக்குப் போய் வரிசையில் நிற்பதற்குள் பாதி வேகம் அடங்கிவிடும்.

தங்கும் விடுதியிலிருந்து ஒரு தம்பி: வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் தந்தால் மாதம் 300 வெள்ளி என்கிறார் ஒருவர். வேலைக்காகவாம். தரலாமா?

தராதீர்கள் தம்பி. கள்ளப் பந்தயப் பணமும் மோசடிப் பணமும் போவது இப்படிப்பட்ட கணக்குகளில்தான். பிடிபடுவது கணக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவர், அதாவது நீங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டால் இன்றே வங்கியிடம் சொல்லி முடக்கச் சொல்லுங்கள், பிறகு போலீசிடம் நீங்களே போங்கள். அரசு இணையச் சேவைகளுக்கான உங்கள் அடையாளக் கணக்கான சிங்பாஸையும் யாருக்கும் தராதீர்கள்.

மகனுக்கு 19 வயது. நண்பன் பெயரில் பூல்ஸ் இணையக் கணக்கில் ஆடுகிறான்.

இணையக் கணக்குக்கு 21 வயது ஆக வேண்டும். பூல்ஸ் கடையில் சீட்டு வாங்க 18 போதும் என்பதால் பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்கள். நண்பனின் பெற்றோரிடமும் பேசுங்கள்.

நான்தான் ஆடுபவன். வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்கே தொடங்குவது?

கேட்டது நல்லது. மனநலக் கழகத்தில் தேசிய அடிமைத்தன நிர்வாகச் சேவை இருக்கிறது, எண் 6732 6837. சூதாட்டத்திலிருந்து நம்மை நாமே விலக்கிக்கொள்ளும் சுய விலக்குக்குச் சிங்பாஸ் வழியாகவே விண்ணப்பிக்கலாம், வீட்டார் கையெழுத்து தேவையில்லை. இன்றிரவே ஏஜெண்டின் எண்ணைத் தடை செய்து அந்தக் குழுவிலிருந்து வெளியேறுங்கள், தினசரிப் பணமாற்ற வரம்பையும் குறையுங்கள். வீட்டில் சொல்வதை ஆலோசகரோடு பேசிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.