மேளச் சத்தத்துக்குத்தான் சாமி வருகிறதா?

"இசை, நடன மரபுகள் மனிதர்களை என்ன செய்கின்றன என்று படிக்க ஆசை. கோயில் கொடையில் கொட்டு வேகமெடுத்ததும் சிலருக்குச் சாமி வந்துவிடுகிறதே, அது தாளத்தின் வேலைதானா? இதை எப்படி ஆராய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏறக்குறைய இதே கேள்வியோடு நானும் ஒருகாலத்தில் கிளம்பினேன். எம்.ஃபில். ஆய்வு, கையில் ஒரு குட்டி ஒலிப்பதிவுக் கருவி, நிறைய நம்பிக்கை. தாளம் எந்த வேகத்தைத் தொட்டால் சாமி இறங்குகிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. களம் தேடி எங்கும் அலையவில்லை. ஏரல் பக்கத்தில் என் அம்மா பிறந்த ஊர். அங்கே சுடலைமாடன் கோயில். என் பெரிய மாமாதான் கோமரத்தாடி. தென்மாவட்டம் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கொடை என்றால் கோயில் திருவிழா, கோமரத்தாடி என்றால் சாமியாடி. கொடைக்குக் கால் நாட்டிய நாளிலிருந்து விரதம் இருப்பார். கொடையன்று கச்சையும் சல்லடமும் கட்டி, கையில் வல்லயம் என்ற ஈட்டியோடு ஆடுவார். மற்ற நாளெல்லாம் மாமாவுக்குப் பலசரக்குக் கடை. கடன் கேட்டு வருகிறவர்களிடம்கூடக் குரலை உயர்த்தாத மனுஷன்.

எங்கள் ஊர்க் கொடையில் வில்லுப்பாட்டுதான் முக்கியம். நடுவில் புலவர் உட்கார்ந்து வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டிக்கொண்டே சாமி பிறந்த கதையைப் பாடுவார். வில்லை ஒரு மண்குடத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கும். அந்தக் குடத்தின் வாயைப் பத்தி என்கிற மட்டையால் அடிக்க ஒருவர். அப்புறம் உடுக்கை, தாளம், கட்டை. வெளியே நையாண்டி மேளம் தனி. குடத்தின் சத்தத்தை நேரில் கேட்காதவர்களுக்கு விளக்குவது கஷ்டம். அது காதில் விழுவதற்கு முன்பு வயிற்றில் விழும். ஒலிபெருக்கியில் கேட்டால் அதில் பாதிகூட வராது.

முதல் வருடம் இரவு முழுக்கப் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து அடிகளை எண்ணி வரைபடம் போட்டால், அழகாக ஏறுகிற ஒரு கோடு. கோட்டின் உச்சியில் மாமாவுக்கு அருள் வந்த நேரம். நெறியாளரிடம் காட்டினேன், அவருக்கும் சந்தோஷம். இரண்டு பேருமே அவசரப்பட்டுவிட்டோம்.

முதல் அடி விழுந்தது மாமா வீட்டுத் திண்ணையில். ஒரு மத்தியான நேரம் அந்தப் பதிவை, அருள் வந்த அதே பகுதியை, அவருக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்சம் பயமும் இருந்தது. ஏதாவது ஆகிவிட்டால் அத்தை என்னைச் சும்மா விடமாட்டாள். மாமா கருவியைக் காதோரம் வைத்துக்கொண்டு ஒரு டம்ளர் காப்பியை முழுசாகக் குடித்தார். கேட்டு முடித்துவிட்டு, "மருமவனே, இந்த எடத்துல பின்பாட்டுக்காரன் சுதியை விட்டுட்டான் பாத்தியா?" என்றார். அவ்வளவுதான். அதே குடம், அதே உடுக்கை, அதே வேகம். சாமி வரவில்லை, விமர்சனம் வந்தது.

உடனே, "அப்படியானால் எல்லாம் நடிப்பா?" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. இன்று அந்தக் கேள்வியைச் சோம்பேறிக் கேள்வி என்றே நினைக்கிறேன். நம் வீட்டில் ஒரு சாவு விழுந்து, பக்கத்து வீட்டு அக்கா ஒப்பாரி வைக்கும்போது நமக்குக் கண்ணீர் வருகிறது. அதே ஒப்பாரியைச் சாயங்காலம் கைப்பேசியில் கேட்டால் வராது. காலையில் அழுதது நடிப்பென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இந்தச் சண்டை உலக அளவிலும் நடந்திருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1960களின் தொடக்கத்தில் ஆண்ட்ரூ நெஹர் என்ற அமெரிக்கர், ஆய்வகத்தில் ஆட்களுக்கு முரசொலியைக் கேட்க வைத்து மூளை அலைகளைப் பதிவு செய்தார். சீரான அடிக்கு மூளை அலையும் இணைந்து போகிறது, சடங்குகளில் ஆவேசம் வருவதற்குக் காரணம் இதுதான் என்பது அவர் கட்சி. என் வரைபடமும் அவர் கட்சியில்தான் இருந்தது. கில்பர்ட் ரூஜே என்ற பிரெஞ்சு இசை ஆய்வாளர் 1980இல் இதை மறுத்து விரிவாக எழுதினார். நெஹர் சொல்வது சரியென்றால் பாதி ஆப்பிரிக்கா வருடம் முழுவதும் ஆவேசத்தில்தான் இருக்கவேண்டும் என்று கிண்டலும் செய்தார். அவர் கவனித்த இன்னொரு விஷயம் எனக்கு நேராக எங்கள் ஊரைப் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது: ஆவி பிடித்து ஆடும் மரபுகளில் ஆடுகிறவர் ஒருவர், வாசிக்கிறவர் வேறொருவர். வாசிக்கிறவர் பொதுவாக நிதானத்தில்தான் இருப்பார். யோசித்துப் பாருங்கள், தாளமே மயக்குகிறதென்றால் அதற்கு மிகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குடத்துக்காரர் அல்லவா முதலில் எழுந்து ஆடவேண்டும்? அவர் வெற்றிலை மென்றுகொண்டிருப்பார்.

இதற்குப் பிரெஞ்சுக்காரர் வரை போகவேண்டியதும் இல்லை. கொடை இரவில் திரும்பிப் பார்த்தாலே போதும். வில்லுக்கு நாலடி தள்ளிப் பாய் விரித்துப் பாதி ஊர் தூங்கிக்கொண்டிருக்கும். அம்மா மடியில் கைக்குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கும். தூங்குகிறவர்களை எந்த ஆய்வாளரும் எண்ணுவதில்லை. நானும் முதல் வருடம் எண்ணவில்லை.

இரண்டாம் வருடம் கருவியை வைத்துவிட்டுக் குடத்துக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எழுபது வயதுக்கு மேலிருக்கும், ஊரில் எல்லாருக்கும் தாத்தா. நள்ளிரவு தாண்டியதும் கதை சூடுபிடித்தது. பார்வதி தனக்குப் பிள்ளை வேண்டும் என்று முந்தானையை ஏந்தி நிற்க, தூண்டாமணி விளக்கின் சுடர் அதில் விழுந்து பிள்ளையாகிறது. அந்தப் பிள்ளை தாய்ப்பாலை விட்டுவிட்டு ராத்திரியில் மயானத்துக்குப் போய் எரிகிற பிணத்தைத் தின்கிறது. அந்த மயானத்து இடம்தான். எல்லாரும் மாமா முகத்தைப் பார்த்தார்கள், தாத்தா தரையைப் பார்த்தார். மாமாவின் வலது கால் பெருவிரல் மெதுவாகத் துடிக்க ஆரம்பித்திருந்தது. அது துடிக்கத் தொடங்கிய பிறகுதான் தாத்தா அடியை நெருக்கினார். விரல் அடங்கியபோது அவரும் தளர்த்தினார். மறுபடி துடித்தது, மறுபடி நெருக்கினார். புலவர் இதையெல்லாம் ஓரக்கண்ணால் கவனித்து, அதே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடிக் கதையை நகரவிடாமல் பிடித்து வைத்திருந்தார். மூன்றாவது தடவை மாமா எழுந்துவிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள்.

மறுநாள் மஞ்சள் நீராட்டு முடிந்ததும் தாத்தாவிடம் கேட்டேன். "நீங்க வேகமா அடிச்சாத்தான சாமி வருது?"

"நான் எங்கலே வேகமா அடிச்சேன்? உங்க மாமன் கால் அடிக்கச் சொல்லுச்சு, அடிச்சேன். வராத ஆளுக்கு விடிய விடிய அடிச்சாலும் குடம்தான் உடையும்."

என் வரைபடத்தின் கோடு தலைகீழாகிப் போனது அந்த இடத்தில்தான். வேகம் ஏறியதால் அருள் வந்தது என்று நான் எழுதியிருந்தேன். நடந்தது வேறு: உடம்பு கேட்டது, தாளம் கொடுத்தது, தாளம் கொடுத்ததும் உடம்பு இன்னும் கேட்டது. கடையில் எடை போடுவதுபோல இரண்டு தட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் ஒரு தட்டை மட்டும் அளந்து வைத்திருந்தேன்.

இதே மாதிரி ஒன்று இத்தாலியின் தெற்கு முனையிலும் இருந்தது. சலென்டோ வட்டாரம். சிலந்தி கடித்துவிட்டது என்று சொல்லிப் பெண்கள் (பெரும்பாலும் வயலில் கூலிக்குப் போகும் ஏழைப் பெண்கள்) படுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வயலின், கஞ்சிரா போன்ற பறை எல்லாம் வரும். வாசிக்கிறவர்கள் ஒரு மெட்டைத் தொடங்கிப் பார்ப்பார்கள், அசைவில்லை என்றால் அடுத்த மெட்டு. அவளுடைய 'சிலந்திக்கு' எந்த மெட்டு பிடிக்கிறதோ அதற்கு உடம்பு அசையும். அப்புறம் நாள்கணக்கில் ஆட்டம். 1959இல் எர்னெஸ்தோ தெ மார்த்தினோ என்ற ஆய்வாளர் மனநல மருத்துவர், இசை ஆய்வாளர் எல்லாரையும் சேர்த்து ஒரு குழுவாக அங்கே போனார். கடி என்பது ஒருமுறை, ஆனால் ஆட்டம் வருடா வருடம் திரும்ப வருகிறது; அதுவும் ஜூன் மாதம், கலத்தினா ஊரில் புனித பவுல் திருநாள் வரும் 29ஆம் தேதியை ஒட்டி. விஷம் நாள்காட்டி பார்த்து வேலை செய்யாது அல்லவா? சொல்ல வழியில்லாத துக்கம், நடக்காமல் போன கல்யாணம், வறுமை, இதற்கெல்லாம் அந்த மரபு ஒரு நாளும் ஒரு மெட்டும் கொடுத்திருக்கிறது என்பது அவர் எழுதியதன் சாரம். இதைப் படித்தபோது எனக்கு மேலத்தெரு ஆச்சிதான் நினைவுக்கு வந்தாள்.

ஆச்சிக்கு மேளத்துக்கு வராது, வில்லுக்கும் வராது. குலவைக்கு வரும். நாலைந்து பெண்கள் சேர்ந்து நாக்கைச் சுழற்றிக் குலவை எழுப்பினால் முடி அவிழ்ந்துவிடும். ஒரு வருடம் அப்படி வந்தபோது நேராகத் தன் கொழுந்தன் முன்னால் போய் நின்றாள். வாய்க்கால் தண்ணீரை அவர் முறை தவறித் திருப்பிக்கொள்கிறார் என்பது ஊருக்கே தெரியும், கேட்கத்தான் ஆளில்லை. "எம் பிள்ளை பயிரு காயுது, உனக்கு ரெண்டு முறை கேக்குதோ?" என்று ஆச்சி போட்ட சத்தத்தில், அறுபது வயது மனிதர் மண்ணில் விழுந்து கும்பிட்டார். அடுத்த முறையிலிருந்து தண்ணீர் ஒழுங்காக வந்தது. வீட்டு வாசலில் நின்று அதையே ஆச்சி கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. இசை மனிதர்களை என்ன செய்கிறது என்று தேடுகிறவர்கள் மூளையை மட்டும் பார்க்காமல் வாய்க்காலையும் போய்ப் பார்க்கவேண்டும் என்று எனக்குப் பட்டது.

சரி, எப்படிப் படிப்பது என்று கேட்டீர்கள். ஒரே கொடையைக் குறைந்தது மூன்று வருடம் பாருங்கள்; முதல் வருடம் கருவியே வேண்டாம். எல்லாரும் ஆடுகிறவரைத்தான் பேட்டி எடுப்பார்கள், அவரோ "எனக்கு ஒண்ணும் தெரியாது, முடிஞ்சப்புறம் தண்ணி குடிச்சதுதான் ஞாபகம்" என்பார். பொய் சொல்கிறார் என்று எழுதிவிடாதீர்கள். வாசிக்கிறவரிடம் போங்கள், அவருக்குத்தான் எல்லாம் தெரியும். கணியான் கூத்து நடக்கிற ஊரென்றால் மகுடம் என்கிற பறையை அடிக்கிற இருவரோடு தீ மூட்டித் தோலைக் காய்ச்சும் நேரத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். அப்போது வருகிற பேச்சு மேடையேறிய பிறகு வராது. ஆடுகிறவர் முகத்துக்கு நேராகக் கைப்பேசியை நீட்டாதீர்கள், இப்போது அது பெரிய தொல்லையாகிவிட்டது. கலைஞர்களின் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். ஆய்வுதானே என்று கும்பிடு போட்டுவிட்டு வருவது அசிங்கம்.

முறையாகப் படிக்க வேண்டுமென்றால் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களைப் படித்துவிட்டுப் போனால் வில்லின் முன்னால் உட்காரும்போது கதை எங்கே திரும்பப் போகிறது என்று தெரியும். கதை தெரியாமல் தாளத்தை மட்டும் கேட்கிறவருக்கு அது வெறும் சத்தம்தான்.

இன்னொன்று, கொடை முடிந்த மறுநாள் காலையில் ஊரைவிட்டுக் கிளம்பாதீர்கள். பந்தல் பிரிக்கிற நேரத்தில் ஏழெட்டு வயதுப் பையன்கள் கோயில் முன்னால் கூடுவார்கள். ஒருவன் பிளாஸ்டிக் குடத்தைத் தட்டுவான், ஒருவன் துண்டைக் கச்சையாகக் கட்டிக்கொண்டு ஆடுவான், மற்றவர்கள் குலவை போடுவார்கள். "ஏலே, இப்பவே ஏன் ஆடுத, மயானம் வந்தப்புறம்ல ஆடணும்" என்று ஒருவன் திருத்தியதை என் காதால் கேட்டேன். எந்த இடத்தில் உடம்பு நடுங்கவேண்டும் என்பது அந்த வயதிலேயே பதிந்துவிடுகிறது. முப்பது வருடம் கழித்து அவனுக்கு உண்மையிலேயே வரும்போது, 'தானாக வந்தது' என்பான். அவனைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

மாமாவுக்கு இதய அறுவை சிகிச்சை ஆன பிறகு ஆடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது அவருடைய இளைய மகன் ஆடுகிறான். குடத்துக்குத் தாத்தாவின் பேரன் வந்துவிட்டான். போன கொடைக்குப் போயிருந்தபோது மாமா முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் மாத்திரைப் பை. மயானத்து இடம் வந்தது. ஊரே மச்சானைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் நாற்காலிக்குக் கீழே பார்த்தேன். பெருவிரல் துடித்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்தால், குடம் அடிக்கிற பையனும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தான். மாமா வேட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.