கையெழுத்துக்கு அப்புறம் நடந்ததை எழுதுங்கள்

இரண்டு ஜனநாயக நாடுகளின் தூதரக, வணிக உறவை வலுப்படுத்துவது பற்றிய உங்கள் கருத்தரங்கக் கட்டுரையை, "வெறும் தலைவர்கள் சந்திப்பாக இருக்கிறது" என்று வழிகாட்டி திருப்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னது நியாயம்தான். சந்திப்புகளை ஒரு பத்தியில் முடித்துவிட்டு நாடாளுமன்றத்துக்குள் போங்கள்.

அமெரிக்கா–தென் கொரியா தடையற்ற வணிக ஒப்பந்தத்தையே பாருங்கள். 2007 ஜூனில் கையெழுத்து. நடைமுறைக்கு வந்ததோ 2012 மார்ச்சில். நடுவில் கார்கள் தொடர்பான பகுதியை 2010-இல் மறுபடி பேச வேண்டியிருந்தது. 2011 நவம்பரில் சியோல் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் அவைக்குள்ளேயே கண்ணீர்ப்புகைக் குண்டை வெடிக்கச் செய்தார். அப்படியும் ஒப்பந்தம் அன்றே நிறைவேறியது. இந்தத் தாமதத்தை வெறும் தடங்கலாக எழுதிவிடாதீர்கள். வயிற்றுப்பிழைப்பு போய்விடுமோ என்று பயப்படும் விவசாயிக்கு அரசு பதில் சொல்லியே ஆக வேண்டிய இடம் அது.

சரி, நன்றாக நடந்த உதாரணம் வேண்டுமா? ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். 1983-இல் தடையற்ற வணிக ஒப்பந்தத்தோடு தொடங்கி, 1990-க்குள் தங்களுக்குள் சுங்கவரியை நீக்கிவிட்டன. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1998-இல் வந்த பரஸ்பர அங்கீகார ஏற்பாடு. ஒரு நாட்டில் சட்டப்படி விற்கும் பொருளை, சில விலக்குகள் தவிர, மற்ற நாட்டிலும் விற்கலாம். இங்கே பதிவுபெற்ற செவிலியர் அங்கேயும் பதிவு செய்து வேலை பார்க்கலாம். வரியே இல்லாவிட்டாலும் தரச்சான்று இழுபறியில் சரக்கு தேங்கத்தான் செய்யும். அதைப் பேசித் தீர்ப்பது தூதரக வணிகப் பிரிவுகளின் முக்கியமான வேலை. உங்கள் கட்டுரையில் அவர்களுக்கு ஒரு முழுப் பகுதி கொடுங்கள்.