பின்னல் பதில்கள்: முப்பது கண்ணி முப்பத்தேழு ஆன கதை

கேள்வி: டீச்சர், வணக்கம். நான் ஒரு தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். வயது 43. ஆண்டிறுதி விடுமுறையில் இரண்டு ஊசியில் நூல் பின்னல் கற்க ஆரம்பித்தேன். கேமரன் மலைக்குப் போகும் மாமியாருக்குக் கழுத்துத்துணி பின்னலாம் என்று 30 கண்ணிகளோடு (ஊசியில் நிற்கும் நூல் வளையங்கள்) தொடங்கினேன். 2 நிட் (நேர்க்கண்ணி), 2 பர்ல் (திருப்புக்கண்ணி) என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன். ஒரு சாண் வருவதற்குள் 37 கண்ணி ஆகிவிட்டது. துணி விசிறி போல விரிகிறது, நடுவில் மூன்று ஓட்டை வேறு. இதற்கு முன்பே மூன்று முறை பிரித்தாயிற்று. வகுப்பில் பிள்ளைகளுக்கு எண்ணக் கற்றுக்கொடுக்கிறேன், எனக்கு முப்பது வரை எண்ணத் தெரியவில்லையே என்று அன்று அழுதே விட்டேன். கிடைப்பதும் மாலையில் அரை மணி நேரம்தான். விட்டுவிடலாமா?
– ஆசிரியை, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: விட்டுவிடாதீர்கள் தங்கச்சி. எங்கே தவறு என்பதை நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள். கூடுதலாக வந்தது 7 கண்ணி, ஓட்டை 3. ஆக ஓட்டை வழியாக வந்தவை 3, மீதி 4 பெரும்பாலும் ஓரத்தில் வந்திருக்கும். கணக்கு நோட்டில் விடை தப்பாக இருந்தால் பிள்ளை எந்த வரியில் சறுக்கினான் என்று விரலை வைத்துத் தேடுவோமே, பின்னலிலும் அப்படித் தேடலாம்.

முதலில் ஓட்டை. நிட் போடும்போது நூல் பின்னால் இருக்க வேண்டும், பர்ல் போடும்போது முன்னால். நீங்கள் இரண்டு கண்ணிக்கு ஒரு தடவை மாற்றுகிறீர்கள். அப்படி மாற்றும்போதெல்லாம் நூலை இரண்டு ஊசிக்கும் நடுவே முன்னும் பின்னுமாகக் கொண்டுபோக வேண்டும். ஒரே ஒரு தடவை மறந்தாலும் நூல் ஊசியின் மேலேறிப் போய்விடும். அடுத்த வரியில் அதுவும் ஒரு கண்ணி மாதிரியே உட்கார்ந்திருக்கும், நாமும் அதைச் சேர்த்துப் பின்னிவிடுவோம். கண்ணி ஒன்று கூடும், அடியில் ஓட்டை விழும். லேஸ் பின்னுகிறவர்கள் இதையே வேண்டுமென்று செய்துதான் பூவேலை கொண்டுவருகிறார்கள். அடுத்த வரியிலேயே கண்ணில் பட்டால் பிரிக்க வேண்டாம். அந்தக் கள்ளக் கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து நழுவ விடுங்கள், பக்கத்துக் கண்ணிகள் அந்தத் தளர்வை இழுத்துக்கொள்ளும்.

அடுத்தது ஓரம். ஊசியைத் திருப்பிப் பிடித்ததும் நூல் எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். அதை ஊசிக்கு மேலாக இழுத்துப் பின்னால் போட்டால், முதல் கண்ணி மேலே இழுபட்டு அதன் இரண்டு காலும் தனித்தனியாகத் தெரியும். ஒரு கண்ணியை இரண்டென்று நினைத்துப் பின்னிவிடுவோம். நூலைக் கீழே இறக்கி, ஊசிக்கு அடியாகப் பின்னால் கொண்டுபோங்கள். ஓரத்துப் பிரச்சினை பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

எண்ணுவதற்கு ஒரு வழி சொல்கிறேன், இது உங்கள் பாடம்தான். வேறு நிற நூலில் இரண்டு சின்ன வளையம் முடிந்து, பத்தாவது கண்ணிக்கும் இருபதாவது கண்ணிக்கும் அடுத்து ஊசியில் மாட்டுங்கள். ஒவ்வொரு வரியிலும் அவற்றை ஒரு ஊசியிலிருந்து மறு ஊசிக்கு மாற்றிக்கொண்டே போகலாம். முப்பது வரை எண்ண வேண்டியதில்லை, மூன்று பத்து இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இடமதிப்பு சொல்லிக்கொடுக்கக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைப்போமே, அதேதான். ஏதோ ஒரு பத்தில் 11 வந்தால் அங்கேயே நிற்கலாம்.

இன்னொன்றும் செய்யுங்கள். பத்து வரிக்கு ஒரு முறை, மொட்டை முனை ஊசியில் தையல் நூலைக் கோத்து, எல்லாக் கண்ணிகள் வழியாகவும் ஓட்டி அப்படியே விட்டுவையுங்கள். அந்த நிற வளையங்களுக்குள் ஓட்டிவிடாதீர்கள், மாட்டிக்கொள்ளும். பிறகு எது தப்பினாலும் அந்த நூல் வரைக்கும்தான் பிரியும். மூன்று முறை முழுவதையும் பிரித்தவருக்கு இது எவ்வளவு நிம்மதி என்று எனக்குத் தெரியும்.

ஏனென்றால் நானும் பிரித்தவள். எனக்கு 49 வயதில் இதைக் கற்றுக்கொடுத்தவர் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீன அம்மா. அவருக்கு ஹொக்கியனும் கொஞ்சம் சந்தை மலாயும்தான் தெரியும். எனக்கு ஹொக்கியன் ஒரு சொல்கூடத் தெரியாது. 'டெப்பான்', 'பிளாக்காங்' என்று நூல் முன்னே, நூல் பின்னே என்பதைக் கையைப் பிடித்துக் காட்டினார். ஒரு நாள் நான் பின்னியதை விளக்கடியில் வைத்துப் பார்த்தவர் 'புக்கா', அதாவது பிரி, என்றார், ஊசியை உருவினார், முப்பது வரி சரசரவென்று பிரிந்து அவர் மடியில் விழுந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 25 வருடம் பிள்ளைகள் நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டவள் நான். என் வேலையில் யாரும் கோடு போட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த அம்மா நூலைச் சுற்றி உருண்டையாக்கி என் கையில் கொடுத்து, தேநீர் கலக்கப் போய்விட்டார். அதற்கப்புறம் வகுப்பில் ஒரு பையன் அழித்து அழித்து எழுதினால், பக்கத்தில் நின்று அவசரப்படுத்துவதை விட்டுவிட்டேன்.

அரை மணி நேரம் தாராளம். ஒன்று மட்டும், வரியின் நடுவில் நிறுத்தாதீர்கள். அடுத்த நாள் எந்தப் பக்கம் போனோம் என்று தெரியாமல் திரும்பிவிடுவோம். உங்கள் கழுத்துத்துணியைக் கண்ணி சரியாக முப்பது இருந்த வரி வரை பிரித்துவிட்டு ஆரம்பியுங்கள். மாமியாருக்கு அது நேராகவே போய்ச் சேரட்டும்.

கேள்வி: மலாயில் எல்லாவற்றையும் 'மெங்காயிட்' என்கிறார்கள். ஒரு ஊசியில் போடுவதும் இரண்டு ஊசியில் போடுவதும் ஒன்றுதானா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இல்லை அம்மா. 'காயிட்' என்றால் கொக்கி, அதனால் பேச்சில் இரண்டுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கொக்கி ஊசியில் போடுவது குரோஷா. அதில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும், மற்றவை முடிந்து கட்டுப்பட்டுவிடும். கைதவறி ஊசி விழுந்தாலும் பெரிய சேதம் இல்லை. இரண்டு ஊசிப் பின்னலில் ஒரு வரியின் எல்லாக் கண்ணிகளும் ஊசியில் திறந்தபடி காத்திருக்கும். அதனால்தான் அது மெத்தென்று இழுபடுகிறது, அதனால்தான் சட்டென்று பிரிகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் விளையாட்டுச் சட்டையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், நேர்வரிசையாகக் குட்டிக் குட்டி 'வி' எழுத்துகள் தெரியும். அது இயந்திரம் பின்னிய நிட். இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589-இலேயே காலுறை பின்னும் இயந்திரம் செய்துவிட்டார். குரோஷாவை இயந்திரம் இன்றுவரை அதே மாதிரி போடுவதில்லை. இரவுச் சந்தையில் உண்மையான குரோஷாப் பை பத்து வெள்ளிக்குத் தொங்கினால், அதை எங்கோ ஒருவர் கண்ணி கண்ணியாகக் கையால் போட்டிருக்கிறார். விலை பேசும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா வைத்துவிட்டுப் போன பழைய ஊசிகளில் 8, 10 என்று இருக்கிறது. கடையில் விற்கும் ஊசியில் 4.0, 5.0 என்று இருக்கிறது. எது பெரியது?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அவை பழைய பிரிட்டிஷ் எண்ணாக இருக்க வேண்டும். அதில் எண் கூடக்கூட ஊசி மெலியும். 8 என்றால் 4 மில்லிமீட்டர், அதாவது கடை ஊசியின் 4.0; 10 என்றால் 3.25. அமெரிக்க எண் நேர்மாறு, அவர்களுடைய 8 என்பது 5 மில்லிமீட்டர். மாதிரிக் குறிப்பைப் படிக்கும் முன் எந்த நாட்டு எண் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கம் தையல் சாமான் கடைகளில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஊசி அளவுத் தகடு கேட்டுப் பாருங்கள். அம்மாவின் ஊசியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அக்ரிலிக் நூலில் குழந்தைக்குப் போர்வை பின்னினேன். ஓரமெல்லாம் சுருண்டது. இஸ்திரி போட்டேன், அந்த இடம் பளபளவென்று சப்பையாகிவிட்டது. சரிசெய்ய முடியுமா?
– வாசகி, பாயான் லெப்பாஸ்

பதில்: சப்பையான இடம் திரும்பி வராது. அக்ரிலிக் ஒருவகை பிளாஸ்டிக், சூட்டில் அதன் உடம்பு தளர்ந்துவிடும். சுருள்வது உங்கள் தவறே இல்லை. ஒரு வரி நிட், ஒரு வரி பர்ல் என்று பின்னினால் துணியின் இரு முகத்திலும் இழுப்பு சமமாக இருக்காது. மேல்கீழ் ஓரம் முன்பக்கமாகவும் பக்கவாட்டு ஓரம் பின்பக்கமாகவும் சுருளும். நாலு பக்கமும் ஐந்தாறு கண்ணி அகலத்துக்கு, இரு திசையிலும் வெறும் நிட் போட்டுக் கரை கட்டினால் அடங்கும். நம் ஊர் வெக்கைக்குக் குழந்தைப் போர்வை என்றால் பருத்தி நூலே நல்லது. பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த மில்க் காட்டன் கைக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் இழை பிரிந்து ஊசி நடுவில் நுழையும், கவனம். கை வியர்க்கிறவர்கள் மூங்கில் ஊசி வாங்குங்கள், கண்ணி வழுக்காது.

கேள்வி: எங்கள் பள்ளிக் கைவினைக் கழகத்தில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பின்னல் சொல்லித்தர ஆசை. ஊசியை நினைத்தால் பயமாக இருக்கிறது.
– ஆசிரியை, கோலாலம்பூர்

பதில்: ஊசியே வேண்டாம் டீச்சர், விரல் போதும். தடித்த நூலாக ஒரு பிள்ளைக்கு 5 மீட்டர் வெட்டிக்கொடுங்கள், ஒரு கைக்கயிற்றுக்கு அது போதும். இடது உள்ளங்கையைத் தன்னைப் பார்த்து விரித்து, நூல் நுனியைக் கட்டைவிரலால் பிடிக்கச் சொல்லுங்கள். ஆள்காட்டிக்கு முன்னே, நடுவிரலுக்குப் பின்னே, மோதிர விரலுக்கு முன்னே, சுண்டுவிரலுக்குப் பின்னே. சுண்டுவிரலைச் சுற்றித் திரும்பும்போது விட்ட இடங்களை நிரப்பிக்கொண்டே வரட்டும். இன்னொரு சுற்று அதே மாதிரி, முதல் சுற்றுக்கு மேலே. இப்போது ஒவ்வொரு விரலிலும் இரண்டு வளையம் இருக்கும். அடி வளையத்தை மேல் வளையத்தின் மேலாகத் தூக்கி விரல் நுனியைத் தாண்டி பின்னால் விட வேண்டும். பிறகு மறுபடி ஒரு சுற்று, மறுபடி தூக்குவது. கையின் பின்பக்கம் கயிறு இறங்க ஆரம்பிக்கும். அதை முதலில் பார்க்கும் பிள்ளை கத்தும், வகுப்பே திரும்பிப் பார்க்கும், தயாராக இருங்கள்.

இறுக்கிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விரல் நுனி சிவந்தால் உடனே கழற்றச் சொல்லுங்கள். மணி அடித்துவிட்டால் நாலு வளையத்தையும் ஒரு பென்சிலில் மாற்றி, பிள்ளையின் பெயர்ச்சீட்டு ஒட்டி, அலமாரியில் வைத்துவிடலாம். அடுத்த வாரம் பென்சிலிலிருந்து விரலுக்கு. முடிக்கும்போது நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, நாலு வளையத்துக்குள்ளும் நுழைத்து இழுத்தால் கயிறு மூடிக்கொள்ளும்.