வேலூரில் எம்.பி.பி.எஸ். சேரப்போகிறேன். தமிழ் வழியில் படித்தவன் சமாளிக்க முடியுமா?

கேள்வி கேட்ட தம்பிக்கு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருக்கிறதாம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. ஆங்கிலத்தை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது என்று எழுதியிருக்கிறார். நானும் அதே கேஸ்தான். ஆரணிப் பக்கம் அரசுப் பள்ளி. 2011இல் வேலூரில் சேர்ந்தேன். அப்போது இந்த ஒதுக்கீடு கிடையாது, 2020இல்தான் வந்தது. எந்தக் கல்லூரி என்று மட்டும் கேட்காதீர்கள். கூடப் படித்த பயல்கள் இங்கே உலாவுகிறார்கள், கீழே சொல்லப்போவதைப் படித்தால் சண்டைக்கு வருவார்கள்.

ஆங்கிலம் கஷ்டமா? கஷ்டம்தான். ஆனால் எல்லாரும் பயப்படுகிற மருத்துவச் சொற்கள் ஒன்றும் செய்யாது. ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு என்ற கழுத்துத் தசையின் பெயர் கான்வென்ட் பையனுக்கும் புதிது, உங்களுக்கும் புதிது. இருவரும் ஒரே கோட்டில்தான் நிற்கிறீர்கள். என்னைப் படுத்தியது அந்தச் சொற்களுக்கு நடுவே வருகிற சாதாரண ஆங்கிலம். ‘ஹென்ஸ்’, ‘வேர்ஆஸ்’, ‘அட்ஜஸன்ட்’. ஒரு நரம்பு எதைத் தாண்டி எதன் பின்னால் போகிறது என்பதை ஒரே நீள வாக்கியத்தில் எழுதியிருப்பார்கள். மூன்று தடவை படித்தாலும் நரம்பு எங்கே நுழைந்தது என்று தெரியாது. முதல் இன்டர்னலில் நூற்றுக்கு 31. பிணத்தை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் ஹாலில் பார்மலின் நெடியில் கண் எரியும், அதைச் சாக்காக வைத்து இரண்டு நாள் அழுதேன்.

எனக்கு வழிகாட்டியது படம். பத்தியைப் படிக்காமல் முதலில் படத்தைப் பார்த்து, அதைத் தமிழில் எனக்கே சொல்லிக்கொள்வேன். பிறகு பத்தி தானாகப் புரியும். சீனியரிடமிருந்து எலும்பு செட்டும் சீக்கிரம் வாங்கிவிடுங்கள். அதை டிரங்குப் பெட்டியில் போட்டு பொங்கல் லீவுக்கு ஊருக்குக் கொண்டுபோனேன். “பொணத்து எலும்ப வூட்டுக்குள்ள எடுத்தாராத” என்று அம்மா வாசலிலேயே மறித்துவிட்டார். நான்கு நாளும் மாட்டுக்கொட்டாயில் உட்கார்ந்துதான் தொடை எலும்பைப் படித்தேன்.

இரண்டாம் வருடத்தில் வார்டுக்குப் போக ஆரம்பித்ததும் கதை தலைகீழானது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

கேஸ் எடுப்பது என்றால் நோயாளியிடம் பேசுவது. வேலூர் நோயாளி பாடப்புத்தகத் தமிழும் பேசமாட்டார், டிவி தமிழும் பேசமாட்டார். “வவுறு நோவுது”, “ஒரே கிறுகிறுன்னு கீது” என்பார். எங்கள் பேட்சில் சென்னைப் பையன் ஒருவன், ஆங்கிலத்தில் புலி. ஒரு மாமியார் மருமகளைக் கூட்டிவந்து “மூணு மாசமா முழுகாம கீறா” என்றார், அதாவது மூன்று மாதக் கர்ப்பம். இவன் கேஸ் ஷீட்டில் ‘உடல் சுத்தம் போதாது, அறிவுரை தேவை’ என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதிவைத்தான். ரவுண்ட்ஸில் மேடம் அதைச் சத்தமாகப் படித்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டிதான் முதலில் சிரித்தார். மாதவிலக்கு எப்போது வந்தது என்று கேட்டால் பல அம்மாக்கள் விழிப்பார்கள், “தலைக்கு எப்பம்மா ஊத்திக்கினீங்க?” என்றால் தேதியோடு சொல்வார்கள்.

‘இழுப்பு’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். “புள்ளைக்கு இழுப்பு” என்றால் வீசிங்காக இருக்கலாம், வலிப்பாகவும் இருக்கலாம். “ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு” என்றால் பக்கவாதம். மூன்றுக்கும் மூன்று வேறு சிகிச்சை. அடுத்த கேள்வியை எப்படிக் கேட்பது என்று தெரிந்தவன்தான் சரியான இடத்துக்குப் போவான். அந்தக் கேள்வி உங்கள் வீட்டுத் திண்ணையில் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

ரொம்பவும் மிதப்பாகிவிடாதீர்கள். சித்தூர் எல்லை பக்கத்தில்தான், தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய வருவார்கள். ஒருவர் “கடுபு நொப்பி” என்றார். கடுப்பு என்று காதில் விழுந்ததும் நீர்க்கடுப்பு என்று நானே முடிவு கட்டி, மூத்திரப் பரிசோதனைக்கு அனுப்பினேன். அவர் சொன்னது வயிற்றுவலி. ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கமிருந்து வரும் வயதான அம்மாக்கள் சிலரிடம் உருதுதான் எடுபடும். ‘தர்த்’ என்றால் வலி என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். வைத்தியத்துக்கு வங்காளத்திலிருந்தும் வருகிறார்கள், காந்தி ரோடு பக்கம் போனால் லாட்ஜ் பலகைகூட வங்காள மொழியில் இருக்கும்.

பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி., அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, வேறு உலகம். கேரளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிற பிள்ளைகள் நோயாளியிடம் பேசிப் பேசியே தமிழைப் பிடித்துக்கொள்வார்கள். கொஞ்ச தூரம் தள்ளி அடுக்கம்பாறையில், 2005இல் தொடங்கிய அரசுக் கல்லூரி. சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்காக அவரிடம் உதவி கேட்டு வந்த கதையைக் கேட்டிருப்பீர்கள். அவர் அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் வைத்தியர் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிவிட்டார்கள், மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதனால்தான் அவர் 1918இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி பெண்களுக்கு மட்டுமாக இருந்தது. ஆண்களைச் சேர்த்தது 1947இல். அந்தக் கூச்சம் இன்னும் மிச்சமிருக்கிறது. மகப்பேறு ஓ.பி.யில் நான் கேட்டால் “ஒண்ணுமில்ல” என்ற அக்கா, என் தோழி கேட்டதும் ஐந்து நிமிடம் பேசுவார். சில சமயம் நாம் ஒதுங்கி நிற்பதே வேலை.

ஃபைனல் இயர் தேர்வில் எனக்கு லாங் கேஸாக, அதாவது முழுதாக விசாரித்துப் பரிசோதித்துச் சொல்லவேண்டிய நோயாளியாக வந்தவர் குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஒரு அக்கா. இதய வால்வு கோளாறு. இப்படிப்பட்டவர்கள் வருடாவருடம் தேர்வுக்கு வந்து நம்மைவிட விவரமாகியிருப்பார்கள். ஆங்கிலம் கலந்து கேட்டவர்களிடம் அவர் வாயைத் திறக்கவே இல்லையாம். நான் “மேடு ஏறுனா மூச்சு வாங்குதாக்கா?” என்று ஆரம்பித்து, பீடிக் கட்டுக்கு என்ன கூலி என்பது வரை பேசினேன். எழுந்திரிக்கும்போது “மைட்ரல் ஸ்டெனோசிஸ் தம்பி, எழுதிக்கோ” என்றார். நானும் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்?

ராகிங் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இப்போது சட்டம் கடுமை. யாராவது எல்லை மீறினால் வார்டனிடம் சொல்லத் தயங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மெஸ் இருக்காது, ஆம்பூர் பிரியாணியும் கத்தரிக்காயும் இருக்கும், அதற்குக் காசு ஒதுக்கிவையுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று கோட்டுப் பையில் இருக்கட்டும், நோயாளி சொல்கிற சொல்லை அப்படியே எழுதுங்கள். என்னுடையது ஏழாவது நோட்டு. போன மாதம் ஒரு பாட்டி “மார்ல பல்லி ஓடுற மாதிரி கீது” என்றார். ஈ.சி.ஜி.யில் இடையிடையே கூடுதல் துடிப்புகள்.

அப்புறம் டேபிள் ஃபேன். அதைச் சீனியர் யாரும் தரமாட்டார்கள். வேலூர் வெயில் கத்திரிக்குக் காத்திருக்காது, மார்ச்சிலேயே ஹாஸ்டல் சுவர் ராத்திரி பத்து மணிக்கும் சுடும். ஊரிலிருந்தே எடுத்துவாருங்கள்.