பெஸ்டல் அட்டவணையை நிரப்பியாச்சு, அப்புறம்? சில கேள்விகளும் பதில்களும்

அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சுற்றாடல், சட்டம் என்று ஆறு பக்கமும் பார்த்து வியாபாரத்தின் பேரினச் சூழலை அலசுவதைப் பெஸ்டல் என்கிறோம். கொழும்பில் கடை நடத்துபவர்களும் படிப்பவர்களும் அது பற்றிக் கேட்டவை கீழே.

கேள்வி (உயர்தர வணிகக் கல்வி மாணவி, கொட்டாஞ்சேனை): சேர், பேரினச் சூழலையும் தொழிற்துறைச் சூழலையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பக்கத்துக் கடை விலையைக் குறைத்தால் அது தொழிற்துறை. நீங்களும் குறைக்கலாம், வேறு சரக்கு இறக்கலாம். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானபோது இரண்டு கடைக்கும் ஒரே அடி. யாரிடமும் பேரம் பேச முடியாது, தயாராக மட்டுமே முடியும். போட்டியாளர், வழங்குநர், வாடிக்கையாளர் என்று எழுத வந்தால், நீங்கள் பேரினத்தை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள்.

கேள்வி (புடவைக் கடை, புறக்கோட்டை): அண்ணா, இந்தியாவிலிருந்து துணி இறக்குகிறோம். 2022 மாதிரி ஒன்று திரும்ப வந்தால் முன்னமே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

நாள் குறிக்க முடியாது தம்பி. ஆனால் திசை தெரிந்தது. 2019 கடைசியில் வற் வரியை 15இலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள், அரச வருமானம் சரிந்தது. அடுத்த வருடம் கொவிட் வந்து சுற்றுலா டொலர் நின்றது, வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2021 மே மாதம் இரசாயன உரத்துக்குத் தடை. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டதும், அதாவது அதன் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டதும், 200 ரூபாய்ப் பக்கம் நின்ற டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது.

இதில் அரசியல் முடிவு எது, பொருளாதாரம் எது, வர்த்தமானியில் வந்த சட்டம் எது? ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு வந்தது. தனித்தனிப் பெட்டியில் எழுதிய அட்டவணையில் அந்த இழுவைதான் காணாமல் போகும்.

உங்களுக்கு முக்கியம் மத்திய வங்கியின் உத்தியோகபூர்வ ஒதுக்கு, அதாவது நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பு. மொத்தத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 2021 டிசம்பரில் ஒதுக்கு 300 கோடி டொலரைத் தாண்டியது என்றார்கள். அதில் ஏறக்குறைய பாதி சீன மத்திய வங்கியுடனான நாணய மாற்று ஏற்பாடு, நினைத்த நேரத்தில் எடுத்துச் செலவழிக்கும் பணமல்ல. அப்புறம், எல்.சி. (இறக்குமதிக்கு வங்கி கொடுக்கும் நாணயக் கடிதம்) திறக்க உங்கள் வங்கி எத்தனை நாள் எடுக்கிறது என்று குறித்து வையுங்கள். அது நீளத் தொடங்கினால் பேப்பரில் செய்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம். டொலர் 10 வீதம் ஏறினால் கடனுக்குக் கொடுத்த சரக்கில் என்ன மிஞ்சும் என்ற கணக்கையும் இன்றே போட்டு வையுங்கள்.

கேள்வி (வீட்டிலிருந்து சமைத்துக் கொடுப்பவர், வெள்ளவத்தை): எனக்கும் இதெல்லாம் தேவையா தம்பி?

ஆறு பக்கத்தையும் முழுதாகப் பார்க்கத் தேவையில்லை அக்கா, சிலது போதும். காஸ், அரிசி, தேங்காய் விலை ஒரு பக்கம். ஆடியில் கல்யாண ஓர்டர் இல்லை, ஓகஸ்டில் வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்திறங்கும். அதுதான் உங்களுடைய சமூகக் காரணி, யாரையும் விட உங்களுக்கே நன்றாகத் தெரியும். தவறவிடக்கூடியது சட்டம்: 2023 ஒக்டோபரில் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு வந்த தடையில் கரண்டி, தட்டுடன் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் இருந்தது.

கேள்வி (ஆடைத் தொழிற்சாலை ஊழியர், இரத்மலானை): நமது பொருட்களுக்கு அமெரிக்கா போட்ட இறக்குமதி வரியை அரசியலில் போடுவதா, பொருளாதாரத்திலா? அலுவலகத்தில் அரை மணி நேரம் வாக்குவாதம்.

அந்த அரை மணி நேரத்தை வேறொன்றுக்குச் செலவழித்திருக்கலாம்! 2025 ஏப்ரலில் 44 வீதம் என்றார்கள், ஜூலையில் 30, ஓகஸ்டில் 20. நமது ஆடைகளுக்கு மிகப் பெரிய ஒற்றைச் சந்தை அமெரிக்கா என்பதால் 44 பயமுறுத்தியது சரிதான். ஆனால் பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் கூட அப்போது 20 என்றே முடிந்தது. ஆகவே தனி எண்ணை விட, போட்டி நாடுகளின் வரியோடு உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். வித்தியாசமே இல்லாவிட்டால், கூடும் செலவைக் கொள்வனவாளரும் நீங்களும் எப்படிப் பங்கிடுவது என்பதுதான் பேச்சு.

கேள்வி (முகாமைத்துவ மாணவர், பம்பலப்பிட்டி): ஒப்படைக்கு எத்தனை காரணிகள் எழுதினால் நல்லது?

நாலைந்து. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது நிறுவனத்தின் எந்தச் செலவை, எந்த விற்பனையைத் தொடுகிறது என்று எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அந்த வரியை வெட்டுங்கள். 'தொழில்நுட்பம் வேகமாக வளர்கிறது' என்பதுதான் முதலில் வெட்டுப்படும்.

கேள்வி (மருந்துக் கடை, மருதானை): எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். வரவு செலவுத் திட்டம் வாசித்தால் மட்டும் மறுநாளே உட்காருங்கள். வழக்கமாக நவம்பர், ஆனால் தேர்தல் வந்தால் அதுவும் தள்ளிப்போகும்: 2025க்கானது அந்த வருடம் பெப்ரவரியில்தான் வந்தது.