மார்கழியில் முருங்கைக்காய் ஏன் இந்த விலை?

கோடையில் மலிவாகக் கிடைக்கும் முருங்கைக்காய், கார்த்திகை, மார்கழியில் ஏன் விலை ஏறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் பூதான். முருங்கைக்கு நல்ல வெயில் வேண்டும். ஐப்பசி அடைமழையில் பூவெல்லாம் கொட்டிவிடும், அப்புறம் பனி வேறு, அதனால் ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கத்து வரத்து சுருங்கி, கோயம்பேட்டுக்கு மகாராஷ்டிரம், குஜராத்திலிருந்து லாரியில் காய் வரவேண்டியிருக்கிறது, வாடகையும் விலையில் ஏறிவிடும். பங்குனி, சித்திரையில் நம்மூர்க் காய் குவியும்போது ஆசை தீரச் சாப்பிடுங்கள். வாங்கும்போது லேசாக முறுக்கிப் பாருங்கள், வளைந்து கொடுத்தால் பிஞ்சு, விதை புடைத்திருந்தால் முற்றல். அதுவரை சாம்பாருக்கு அவரையும் மொச்சையும் போடுங்கள், தை மாதத்தில் அவைதான் உச்சத்தில் இருக்கும், சுவையும் அப்போதுதான்.