வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒருபால் உறவுக்காகப் படையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு பிரிட்டன் இழப்பீடு தருவதாகப் படித்தேன். நானும் பட்டாளத்தில் இருந்தவன். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் நேசிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சீருடை போட்டவர்கள் அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாதா? ஒழுங்கில்லாமல் படை ஏது? விதியை மீறியவர்களுக்குப் பணம் கொடுப்பது சரியா?

வே., வேலூர்

அன்புள்ள வே. ஐயா,

"குறை சொல்லவில்லை" என்று எழுதினீர்களே, அதற்கே உங்களுக்கு என் வணக்கம். அந்த வார்த்தையைச் சொல்ல மனமில்லாத இளைஞர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

ஆனால் அடுத்த வரியில் கோபம் வந்தது. சில வாரங்களாக ஜீனெட் ஸ்மித்தின் வழக்கைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். பிரிட்டிஷ் விமானப்படையில் நர்ஸாக இருந்தவர். நீங்கள் சொன்னதைத்தான் அவர் செய்தார்: வீட்டுக்குள் வைத்திருந்தார். 1994 ஜூனில் பெயர் சொல்லாத ஒரு பெண் தொலைபேசியில் அவருக்குத் தகவல் விட்டுவைத்தாள்: உன்னைப் பற்றிப் படைக்குச் சொல்லிவிட்டேன் என்று. அவ்வளவுதான். படைக் காவலர்கள் விசாரணைக்கு உட்கார்ந்தார்கள். அவர் மறைக்கவில்லை, ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். அதோடு விட்டார்களா? படுக்கையில் என்ன நடக்கும் என்று கேட்டார்கள். அவரும் அவருடைய துணைவியும் வளர்த்த பதினாறு வயதுப் பெண்ணையும் அந்தக் கேள்விக்குள் இழுத்தார்கள். இப்போது சொல்லுங்கள், வீட்டு விஷயத்தைப் படைக்குள் கொண்டுவந்தது யார்?

நேசிக்கிற இருவருமே படையில் இருந்தால் அந்தக் காலத்தில் இன்னும் கொடுமை. பெட்டியைக் கவிழ்த்துக் கடிதங்களையும் டைரியையும் எடுத்துப்போவார்கள். வேறு யார் யார் இப்படி, பெயரைச் சொல் என்பார்கள். பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவளைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிற படையில் எந்த ஒழுங்கு மிஞ்சும் ஐயா? உயிரை நம்பி ஒப்படைக்க வேண்டிய தோழி அவள். பட்டாளத்தில் இருந்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே!

இத்தனைக்கும் பெண்ணும் பெண்ணும் நேசிப்பது அந்த நாட்டின் பொதுச் சட்டத்தில் என்றைக்குமே குற்றமாக இருந்ததில்லை. கூட இருப்பவர்களுக்குப் பிடிக்காது, மனவலிமை குலையும் என்பதுதான் ராணுவம் சொன்ன காரணம். 1999 செப்டம்பர் 27 அன்று ஸ்மித்தின் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேறு இனத்தவர், வேறு நிறத்தவர் மீதான வெறுப்பை எப்படிக் காரணமாக ஏற்க முடியாதோ, அப்படியே இதையும் ஏற்க முடியாது என்றது. 2000 ஜனவரி 12 அன்று ஒருபால் உறவுக்குப் படையில் இருந்த தடை நீங்கியது. பிரிட்டிஷ் படை கலைந்துவிடவில்லை.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வெளியேற்றப்பட்டவருக்கு 50,000 பவுண்டு. பறிபோன வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் அது எந்த மூலைக்கு? கொடுக்கட்டும், இன்னும் கொடுக்கட்டும்.

நான் உங்களிடம் கேட்க விரும்புவது வேறு. அந்த நர்ஸை அப்படி விசாரிக்க உங்களுக்கு உத்தரவு வந்திருந்தால், அந்தக் கேள்விகளைக் கேட்க உங்களுக்கு வாய் வந்திருக்குமா? எழுதுங்கள். ஒரு வரியும் வெட்டாமல் வெளியிடுகிறேன்.